வேடமும் ஒளிப்படமும்

விக்டோரியா அரசியாரின் வைரவிழா ஆண்டாகிய 1897இல், சூலை 2ஆம் நாள், இலண்டன் தெவன்சயர் மாளிகையில் மாறுவேட நடன விருந்து நிகழ்ந்தது. 1815ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கோலத்துடன் வருக என்பது அழைப்பு. கோமகன் பேரரசர் ஐந்தாம் சார்லசாகவும், கோமகள் பல்மைரா அரசி செனோபியாவாகவும் தோன்றினர். லாபயெட் நிலையத்தார் தோட்டத்தில் கூடாரம் அமைத்து விருந்தினரைப் படம் பிடித்தனர். சிலர் பின்னர் நிலையத்திற்கே சென்று எழுதிய திரைச்சீலைமுன் நின்றனர். 1899இல் 286 படங்கள் தொகுப்பாக அச்சேறின.

இப்படங்கள் எக்காலத்திற்குச் சான்று? செனோபியா வாழ்ந்தது கி.பி. 3ஆம் நூற்றாண்டு, அவ்வுடையைத் தைத்ததோ பாரிசின் வொர்த்து நிறுவனம். வேடம் எந்நாட்டதாயினும், மகளிர் பலரின் இடை 1890களின் கச்சு இறுக்கிய இடையே. பண்டை நூலுக்கு உரை கண்டோர் தம் காலத்து வழக்கையும் உரையில் பதித்துச் செல்வதை நாம் அறிவோம். அவ்வுரையை மூலத்தின் காலத்திற்கு மட்டுமே சான்றாகக் கொள்ளுதல் பிழையாம். இப்படங்களும் அத்தகையனவே: பல்மைராவைப் பற்றி இவை கூறுவது சிறிது, பல்மைராவை 1897ஆம் ஆண்டின் செல்வர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கோ இவை நேர்ச்சான்று. வேடத்தின் காலத்தையும் படத்தின் காலத்தையும் பிரித்தறிதலே ஆய்வாளர்க்கு முதற்கடன் எனக் கொள்கிறோம்.