ஒரே சில்லில் இரண்டு விண்டோஸ்: நடுவே சுவர் உண்டா?

அக்டோபர் 14, 2025-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கைவிரித்துவிட்டது. ‘பழைய சம்பளக் கணக்கு மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஓடாது, விண்டோஸ் 10-ஐ மெய்நிகர் கணினிக்குள் போட்டு ஓட்டினால் ஆபத்தில்லை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?’ மலேசியாவின் கெமாஸ் வட்டாரத் தோட்ட அலுவலகங்களும் மளிகைக் கடைகளும் கேட்பது இதைத்தான்.

‘முற்றிலும் தனித்தனி’ என்பது விற்பவர்களின் பேச்சு. செயலி ஒன்றே; மெய்நிகர் கணினியை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதை இரண்டுக்கும் முறைவைத்து விடுகிறது. கெமாசிலிருந்து தும்பாட் போகும் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு துண்டுக்கு ஒரு ரயில் என்பதுபோல.

வன்பொருளைத் தொடும் கட்டளையை உள்ளிருக்கும் விண்டோஸ் (‘விருந்தினர்’) இட்டால், செயலியே அதை நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். இன்டெல் 2005-இல் இதைச் சில்லிலேயே பதித்தது. நினைவக முகவரிகளுக்கு இரட்டை அட்டவணை பின்னர் வந்தது. விருந்தினர் தன் அட்டவணையில் எந்த முகவரியை எழுதினாலும், அது உண்மையில் எந்த இடம் என்பதை ஹைப்பர்வைசரின் அட்டவணைதான் தீர்மானிக்கும். கெட்டிக்கார ஏற்பாடு.

2018 ஆகஸ்டில் அதுவே ஏமாந்தது தெரியவந்தது. வேகத்துக்காகச் செயலி, சரிபார்ப்பு முடியும் முன்பே ஊகத்தில் வேலையைத் தொடங்கும். விருந்தினர் தன் அட்டவணையில் ஒரு பதிவைச் ‘செல்லாது’ என்று குறித்தால் போதும்; பல இன்டெல் சில்லுகள் இரண்டாம் அட்டவணையைப் பார்க்காமலே அந்த முகவரியை நிஜமென்று கொண்டு, எல்1 தற்காலிக நினைவகத்தில் கிடந்த அடுத்தவர் தரவை எடுத்தன. ஊகம் தவறென்று தெரிந்ததும் செயலி விடையை வீசிவிடும். ஆனால் எதைத் தொட்டது என்பது வாசிப்பு நேர வித்தியாசத்தில் மிஞ்சும். அதை அளந்தால் ரகசியம் கையில். ஃபோர்ஷேடோ என்று இதற்குப் பெயர். விருந்தினரை உள்ளே விடும்போது எல்1-ஐத் துடைப்பது தீர்வுகளில் ஒன்று.

இதை யாரும் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை என்றது இன்டெல். பதிவேட்டில் தடமே விடாத வாசிப்புக்குத் தகவல் எங்கிருந்து வரும்?

முன்பின் தெரியாதவர்கள் ஒரே சில்லைப் பகிரும் மேகக் கணினி நிலையங்களுக்குத்தான் இது பெருங்கவலை. உங்கள் மேசைக் கணினியில் இரண்டு விண்டோசும் உங்களுடையவை.

மற்றக் கேள்விகள்: உள்ளே ஓடும் விண்டோஸ் 10-க்குத் திருத்தங்கள் வருமா? தானாக வராது, நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும்.

விண்டோஸ் 11 ஹோமில் ஹைப்பர்-வி? இல்லை, விர்ச்சுவல்பாக்ஸ் போடலாம்.

வைரஸ் வெளியே தாவுமா? அரிது. ஃபிளாப்பி டிரைவாக நடிக்கும் நிரல்பகுதி வழியே அப்படியொரு ஓட்டை 2015-இல் அம்பலமானது.

உள்ளிருக்கும் விண்டோஸ் 10-இன் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பகிர்வுக் கோப்புறையை மூடுங்கள். சம்பளக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வெளியே வையுங்கள்.