நெருங்கினால் ஓடும் காதல்!

விழுப்புரம்,
திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்கு ஒரே ரெயிலில் வந்து பழகும் ஜோடிகள் உண்டு. சிரிப்பு, அரட்டைக்கு குறைவில்லை. "வீட்டில் பேசட்டுமா?" என்றதும் ஒருவர் பெட்டி மாறி விடுகிறார்! "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று மற்றவர் தூக்கம் இழக்கிறார்.

4-ல் ஒருவர்

அது ஏமாற்று வேலையாகத்தான் இருக்கும் என்பதில்லை, பயமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் பத்திரிகை வாசகர்களிடம் கேட்டு ஹசான், ஷேவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 4-ல் ஒருவர் 'யாராவது மனதால் நெருங்கினால் சங்கடம்' என்ற ரகம்.

துரத்த வேண்டாம்

அவர் பயத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. துரத்தினால் இன்னும் ஓடுவார். கொஞ்ச நாள் வேறு ரெயிலில் போங்கள். நண்பரிடம் மனம் விட்டு அழுங்கள். தாங்க முடியவில்லையா? 14416-க்கு இரவு, பகல் எந்நேரமும் இலவசமாக போன் செய்து தமிழிலேயே பேசலாம். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியும் வழியில்தான் இருக்கிறது.