பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு ஓர் ஊர்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்று இரண்டு பெருங்காரியங்களை நம் முன்னோர் ஒரே மூச்சிற் சொல்லிவைத்தனர். அந்த வீட்டை எந்த ஊரிற் கட்டுவது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அன்று பெரும்பாலும் இருந்ததில்லை. கிழக்குக் கரையிலே பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து மணமுடிப்பது நெடுங்கால வழக்கம். தாய்வீட்டு வேலிக்கு அப்பால் மகளின் வீடு இருக்கும். பிள்ளை பிறந்தால் வேலிக் கடப்பின் வழியாகப் பத்தியக்கறி வந்துசேரும். அம்மம்மாவின் மடியும் வந்துசேரும்.

இன்றைய நிலை வேறு. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் நிர்வாகத் தலைநகர். மாகாண அலுவலகங்கள், கச்சேரி, பொது வைத்தியசாலை, பாடசாலைகள், துறைமுகத்தைச் சார்ந்த தொழில்கள் யாவும் இங்கே உள. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் உத்தியோகம் பெற்று வந்தோர் பலர், பட்டினத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இல்லறம் தொடங்குகின்றனர். “இனிக் குழந்தை ஒன்று வரட்டும்” என்ற எண்ணம் பிறக்கும்போது, அதற்கு முன்பாகவே மற்றொரு கேள்வி வந்து நிற்கின்றது: எந்த ஊருக்குக் குடிபோவது?

இக்கேள்விக்கு விடை தேடும் தம்பதியருக்கு உதவியாகச் சிலவற்றை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம்.

இறக்கக்கண்டி என்னும் அளவுகோல்

பட்டினத்திலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே சென்றால் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிலாவெளியைத் தாண்டினால் இறக்கக்கண்டி. பட்டினத்திலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீற்றர் தூரம். கிழக்கே கடல், மேற்கே களப்பு, களப்பு கடலோடு கலக்கும் இடத்தின் மேலே பாலம். குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த இவ்வூரில் மீன்பிடியே பலருக்கும் வாழ்வு. நகரத்து நெருக்கடியில் மூச்சுமுட்டியவர்கள் இங்கு வந்து நின்றால், “பிள்ளை வளர்ப்பதற்கு இதைவிட வேறு இடம் வேண்டுமா?” என்றே கேட்பார்கள். காற்று உண்டு, வெளி உண்டு, பட்டினத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கும் பணத்துக்கு இங்கே கிணற்றோடும் தென்னையோடும் ஒரு வளவைத் தேடலாம். நிலாவெளிக் கரையோரத்தில் மட்டும், உல்லாசப் பயணிகளின் வருகையால் காணி விலை வேறு கணக்கிற் போகின்றது.

இறக்கக்கண்டி நல்லதா, உப்புவெளி நல்லதா என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. நகரத்தில் வேலையும் புறத்தே வீடும் என்று வாழ நினைப்போர் எவற்றை எடைபோடல் வேண்டும் என்பதற்கு இவ்வூர் நல்ல அளவுகோல் என்பதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

யாருடைய தூரம்?

புறநகர் வாழ்வு புதிதன்று. சென்னையில் 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அவ்வழியிலிருந்த ஊர்கள் காலப்போக்கில் உத்தியோகத்தரின் குடியிருப்புகளாயின. இலண்டனில் மெற்றோபொலிற்றன் ரயில்வே 1915ஆம் ஆண்டு தொடக்கம் தன் பாதையோரத்து ஊர்களை ‘மெற்றோலாந்து’ என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. அவ்விடங்களிலெல்லாம் ஊரின் தூரத்தை அளந்தது காலை ரயில். வேலைக்குப் போகின்றவர் எத்தனை நிமிடத்தில் நகரம் சேர்வார் என்பதே கணக்கு.

நம் தம்பதியரும் இக்கணக்கையே முதலிற் போடுகின்றனர். திருகோணமலையின் ரயில் பாதை கல்லோயாச் சந்தியை நோக்கிச் செல்வது. வடக்கே பஸ்ஸும் மோட்டார் சைக்கிளுமே துணை. இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்றால் 480 மணி நேரம் வீதியிற் கழியும். அதாவது இரவும் பகலுமாக முழு 20 நாட்கள். உப்புவெளியில் இருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சும்.

ஆனால் இது வேலைக்குப் போய் வருபவரின் தூரம் மட்டுமே. பிள்ளை பிறந்தபின் வேறு இரண்டு தூரங்கள் தலைதூக்கும். பகல் இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவளுக்குக் கடையும் மருந்தும் மனிதத் துணையும் எவ்வளவு தூரம் என்பது ஒன்று. இரவு இரண்டு மணிக்கு வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பது மற்றொன்று. ஊரைத் தேரும்போது இவ்விரண்டையும் முன்னே வைத்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

தாயும் உத்தியோகம் பார்ப்பவளாயின் கணக்கு மேலும் நுணுக்கமாகின்றது. அரசாங்க ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. ஏறத்தாழ நான்கு மாதம். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டவேண்டும் என்கின்றது வைத்திய உலகம். அரைச் சம்பளத்தில் விடுமுறையை நீட்ட வசதியில்லாத வீட்டில், இடைப்பட்ட இரண்டு மாதங்களில் வழிப்பயணத்தின் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையின் பசியோடு நேரே மோதும். உழைப்பவர் இருவர் என்றால் தூரமும் இரட்டிப்பு. வீட்டில் பிள்ளையை ஏந்துவதற்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும். அந்தக் கை அவ்வூரில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மருத்துவமாதும் வைத்தியசாலையும்

நம் நாட்டில் கிராமந்தோறும் குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவமாது ஒருவர் பொறுப்பாக இருப்பது பெரும் பேறு. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. கருவுற்றபின்தான் அவரை நாடவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். மணமான தம்பதியரை அவர் முன்னரே தம் பதிவேட்டிற் சேர்த்துக்கொள்வார். முதுகுத்தண்டிலும் மூளையிலும் ஏற்படக்கூடிய பிறவிக் குறைகளைத் தடுக்கும் போலிக் அமிலம் என்னும் மாத்திரையைக் கருவுறுமுன்பே தொடங்கவேண்டும். ருபெல்லாத் தடுப்பூசி போடப்பட்டிருக்கின்றதா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். ஆகவே புதிய ஊருக்குப் போனதும் முதலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவர் மருத்துவமாது. அவர் எங்கே இருக்கின்றார், கிளினிக் எங்கே நடைபெறுகின்றது என்பதைக் காணி பார்க்கப் போகும் நாளிலேயே விசாரித்துவிடுங்கள்.

இறக்கக்கண்டிக்கு அண்மையில் நிலாவெளியிலே பிரதேச வைத்தியசாலை உண்டு. சத்திர சிகிச்சை வேண்டிய பிரசவத்துக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கே போகவேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. இரவுப் பயணத்தின் அச்சத்தை அது பெரிதும் குறைத்திருக்கின்றது. ஆயினும் தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது சில நாட்கள் பட்டினத்தில் தங்குவதற்கு உறவினர் வீடு ஒன்று இருக்குமானால் அதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை.

கிணற்றைச் சுவைத்துப் பாருங்கள்

கரையோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை அது தாங்கும் என்பது நிலநீர் நூலாரின் கணக்கு. மின்சாரப் பம்பியால் அளவுமீறி இறைத்தால் மேல்மட்டம் சிறிது தாழ, கீழிருந்து உப்பு வெகுவாக ஏறிவிடும். கப்பி கட்டி அள்ளிய காலத்தில் இனித்த கிணறுகள் பம்பி வந்தபின் கரிப்பது இதனாலேதான்.

மழைக்காலத்திலே எந்தக் கிணறும் இனிக்கும். செப்டெம்பரில், கச்சான் காற்று வீசி ஓயும் வேளையில் போய்ச் சுவைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடியேனும் இருக்கவேண்டும். மணலில் அதற்கு மேலும் இருப்பது நன்று. அயல் வளவின் குழி எங்கே என்றும் பாருங்கள். தண்ணீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. எருவும் கழிவும் கலந்த தண்ணீரில் நைத்திரேற்று மிகும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்கு ஆபத்து. கொதிக்க வைப்பதால் கிருமி சாகும். உப்போ நைத்திரேற்றோ போகாது. ஆகையால் தண்ணீரைப் பரிசோதிப்பித்தல் அவசியம். குழாய்த் தண்ணீர் அவ்வொழுங்கைக்கு வந்திருக்கின்றதா, வாரத்தில் எத்தனை நாள் வருகின்றது என்பதையும் அயலவரிடம் கேளுங்கள்.

கடலும் மழையும்

இரண்டாவது முறை அவ்விடத்தைப் பார்க்கவேண்டிய காலம் மார்கழி மழை கொட்டும் நேரம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுமே இக்கரையின் பெருமழை. ஓகஸ்டில் உலர்ந்து விளையாட்டுத் திடல்போல் தோன்றும் காணி அப்போது குளமாகி நிற்கலாம். 1964 டிசம்பர் 22, 23ஆந் தேதிகளில் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிய புயலையும், 2004 டிசம்பர் 26ஆந் தேதி வந்த ஆழிப்பேரலையையும் மறந்து இக்கரையில் வீடு கட்டுதல் தகாது. பேரலை உயிர்களைக் கொண்டுபோனதோடு கிணறுகளையும் உப்பாக்கிச் சென்றது. அன்று தண்ணீர் எதுவரை வந்தது, எந்தப் பக்கமாக மேட்டுக்கு ஓடலாம் என்பதை ஊரிலுள்ள மூத்தோர் கைகாட்டிச் சொல்வார்கள். கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய நிலமாயின் இக்கேள்வியை இருமுறை கேட்கவேண்டும். கைக்குழந்தையோடு ஓடவேண்டியவள் தாய் என்பதை நினைத்துக் கேட்கவேண்டும்.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கிடும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடலின் மேல்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குட் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். காணியின் பத்திரம் எத்தகையது என்பதும் முக்கியம். உறுதிக் காணி வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி வேறு. பின்னையதைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்றவோ ஈடுவைக்கவோ இயலாது. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட பகுதிகளில் ஒரே காணிக்கு இருவர் உரிமை கோருவதும் உண்டு. நொத்தாரிசிடமும் பிரதேச செயலகத்திலும் தேடிப் பாராமல் முற்பணம் கொடுப்பது, பிள்ளைக்கு வழக்கொன்றை முதுசமாக வைப்பது போலாகும்.

பிறக்குமுன்னே தொடங்கும் பள்ளிக்கூடம்

“பிள்ளை பிறக்கட்டும், பள்ளிக்கூடத்தைப் பிறகு யோசிப்போம்” என்பது பலரது எண்ணம். அண்மைய ஆண்டுகளின் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கைகள் அதற்கு இடந்தரவில்லை. முதலாம் தரத்துக்கான அனுமதியில் பெரும்பங்கு, பாடசாலைக்கு அருகே வசிப்போருக்கு உரியது. அவ்வதிவிடத்துக்குப் பெற்றோரின் பெயர் அதே முகவரியில் முந்திய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் இருந்தாற்றான் முழுப்புள்ளி. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளையையே அவ்வாண்டிற் சேர்ப்பார்கள். விண்ணப்பமோ அதற்கு முந்திய ஆண்டிற் கேட்கப்படும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 2027 மார்ச்சில் பிறக்கும் பிள்ளை 2033இல் முதலாம் தரத்துக்குப் போகும், 2032இல் விண்ணப்பம், ஆகவே 2027இன் இடாப்பிலேயே பெற்றோரின் பெயர் இருக்கவேண்டும். பிள்ளை ஜனவரியிற் பிறந்தால் அது பிறப்பதற்கு முந்திய ஆண்டிலேயே பெயர் ஏறியிருத்தல் வேண்டும்! ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியோ, புனித சூசையப்பர் கல்லூரியோ, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியோ என்று பட்டினத்துப் பாடசாலையை மனத்திற் கொண்டவர் இறக்கக்கண்டியிற் காணி வாங்குமுன் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஊர்ப் பாடசாலையிலேயே பிள்ளை படிக்கட்டும் என்று துணிபவருக்கு இக்கவலை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை விடியுமுன் எழுந்து வானில் தூங்கிவிழாமல், உண்டு, உடுத்து, நடந்து பள்ளி சேர்வதும் ஒரு செல்வமே. எதுவாயினும் குடிபுகுந்த உடனே கிராம உத்தியோகத்தரைக் கண்டு பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

இருவருக்கும் பட்டினத்தில் வேலை, அயலில் உறவினர் எவருமில்லை என்றால், முதற்பிள்ளை நடக்கத் தொடங்கும்வரையேனும் உப்புவெளி, பாலையூற்று போன்ற அண்மை இடங்களில் ஒரு சிறு வீட்டோடு அமைவது மேல் என்பது நம் கருத்து. ஒருவரின் வேலையேனும் நிலாவெளிப் பக்கம் இருந்தால், அல்லது தாயோ சகோதரியோ அவ்வழியில் வாழ்ந்தால், இறக்கக்கண்டியின் காற்றையும் வெளியையும் தயங்காமல் தேரலாம். எங்கே போவதாயினும் வாங்குமுன் ஒரு மழையும் ஒரு கோடையும் அங்கே வாடகைக்கு இருந்து பார்ப்பது நன்று.

இத்தேர்வைக் கணவன் தனியே தீர்மானித்து மனைவிக்கு அறிவிப்பது எவ்வகையிலும் தகாது. முன்னாளில் தாய்வீட்டை அடுத்து மகளுக்கு வீடு கொடுத்தவர்கள், பகலில் அவள் தனித்துவிடலாகாது என்பதையும் இரவில் அவள் பயந்துவிடலாகாது என்பதையும் அறிந்திருந்தார்கள். தாய்வீட்டு வேலியை நாம் இன்று கூடவே கொண்டுபோக முடியாது. போகும் ஊரில் அப்படி ஓர் அயலைத் தேடிக்கொள்ள முடியும். வீடு பார்க்கப் போகின்ற நாளில் கதவையும் கூரையையும் பார்த்து முடித்தபின், பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டி ஒரு வாய் தண்ணீர் கேளுங்கள். தண்ணீரின் சுவையும் தெரியும். தருபவரின் முகமும் தெரியும்.