மன்னார் மண்ணில் 231 ஆண்டு இடைவெளி, தெரியுமா?

இலங்கையின் மன்னார் நகரில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது, 2018இல், மனித எலும்புகள் வெளிவந்தன, தெரியுமா? ஒன்றிரண்டு அல்ல, 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள்! சிறுவர்களுடையவையும் இருந்தன. உள்நாட்டு யுத்தத்தில் காணாமல் போனவர்களைத் தேடும் உறவுகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். காலத்தைக் கணிக்கும் கார்பன் பரிசோதனைக்காக ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வெளிவந்த முடிவு: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை!

கவனித்தீர்களா? கார்பன் பரிசோதனையே 231 ஆண்டு இடைவெளி விட்டுத்தான் பேசுகிறது!

அந்த இடைவெளிக்குள்தான் 1544 வருகிறது. புனித சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்ற ஆண்டு அது. (காலம் பொருந்துகிறது என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்!) ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தும் நினைவில் ஆண்டு நிற்கிறது, ஊர் நிற்கிறது. தொகைதான் தளும்புகிறது: 600 என்பார்கள், 700 என்பார்கள்.

சரி, நேற்று முந்தாநாள் நடந்தது மட்டும் துல்லியமாக நினைவிருக்குமா? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் ஹொசே நகரில் ஒரு சோதனை. பொலிஸில் ஏற்கெனவே முறைப்பாடு செய்தவர்களையே தேடிப்போய், அதைக் காட்டிக்கொள்ளாமல், உங்களுக்கு ஏதும் குற்றம் நேர்ந்ததா என்று கேட்டார்கள். வீடு உடைத்த திருட்டை 10 பேரில் 9 பேர் சொன்னார்கள். அடிதடியை? பாதிப் பேர்கூடச் சொல்லவில்லை! அடித்தவர் சொந்தக்காரர் என்றால் இன்னும் மோசம். இதை மறதி என்று எப்படிச் சொல்வது? வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூசும் வாய் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொரு வேடிக்கை: பழைய சம்பவத்தை அண்மையில் நடந்ததாக இழுத்துச் சொல்வதும் மனித வழக்கம். அதனால்தான் அமெரிக்கக் குற்றக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்!

நினைவையே நம்பாத ஒரு கணக்கும் மன்னாரில் பிறந்தது, தெரியுமா? 2011 ஜனவரியில் அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், யுத்தத்தின் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது வெறும் கழித்தல். 2008 அக்டோபர் தொடக்கத்தில் யுத்தம் நடந்த வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கின்படி, 4,29,059. பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர்! இவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றுதான் விளக்கம் கேட்டார். ஆனால் வாய்க்கு வாய் தாவியபோது அந்த எண் பல இடங்களில் ‘கொல்லப்பட்டோர் தொகை’ ஆகிவிட்டது. கேட்ட விளக்கம் மட்டும் வரவில்லை.