விரல் தடிமன் கட்டையில் ஒரு வங்காளம்! தெரியுமா?

மரப் பேனா கடைவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஒரு சின்ன லேத், நாலு உளி, விரல் தடிமனுக்கு ஒரு மரத்துண்டு. கை பழகிவிட்டால் ஒரே மாலையில் பேனா தயார்! அந்தப் பேனாவுக்கு வேண்டிய மரம், லேத், மெருகு, மை என்று எதை எடுத்தாலும் கொல்கத்தா வந்து குறுக்கே நிற்கிறது. நம்ப முடியவில்லையா? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம்!

மஹோகனி கப்பலேறி வந்தது தெரியுமா?

பேனா கடைபவர்களுக்குப் பிடித்த மரங்களில் ஒன்று மஹோகனி. ஆனால் அது இந்த மண்ணின் மரமே அல்ல! 1787-ல் ராபர்ட் கிட் தொடங்கிய கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு 1795-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து சேர்ந்தது. ஹூக்ளிக் கரையில் ஷிப்பூரில் இருக்கும் அதே பூங்காதான், ஊர் உலகமெல்லாம் போய்ப் பார்க்கும் பெரிய ஆலமரம் நிற்கும் இடம்!

ஒரு கன அடி மரத்தில் எத்தனை பேனா தெரியுமா?

ஒரு பேனாவுக்கு வேண்டியது இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் பதின்மூன்று சென்டிமீட்டர் நீளம். அவ்வளவுதான்! ரம்பத்தூளாகப் போவதைக் கழித்தாலும் கன அடிக்குச் சுமார் 400 பேனா! 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தச்சுப் பட்டறைக்கு உதவாத ஒடிந்த கிளைகூடப் பேனாக்காரருக்குப் பொக்கிஷம். ஒன்று மட்டும், மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கடைந்தால் பிறகு சுருங்கி வெடித்துவிடும்!

தண்ணீரில் மூழ்கும் மரம் தெரியுமா?

மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கருங்காலி! நன்கு முற்றிய வைரத்தைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, கல்லாக அடியில் போய் உட்காரும். கடைந்து தேய்த்தால் மெருகே பூசாமல் முகம் தெரியும்!

லேத் எவ்வளவு பழசு தெரியுமா?

எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய காட்சி ஒன்று இருக்கிறது. ஒருவர் வாரை இழுத்து இழுத்துக் கட்டையைச் சுழற்றுகிறார், மற்றவர் உளி பிடிக்கிறார்! நம் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் கடைசல் வேலைதான். கொல்கத்தாவிலிருந்து பாலம் தாண்டினால் ஹௌரா. அங்கே பெலிலியஸ் ரோடு என்றாலே லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும்தான். ஒரு காலத்தில் அந்த ஊருக்கே 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்று பெயர்!

மரத்துக்குள் பித்தளை ஒளிந்திருப்பது தெரியுமா?

கையில் பிடித்தால் முழுக்க மரம் மாதிரி இருக்கும். உள்ளே பித்தளைக் குழாய்! பலரும் முதலில் கடையும் பால்பாயிண்ட் பேனாவில், கட்டையை இரண்டாக அறுத்து, நடுவில் ஏழு மில்லிமீட்டர் துளை போட்டு, குழாயைப் பசை வைத்துச் செருகுவார்கள். பிறகுதான் லேத்தில் ஏற்றிக் கடைசல். மரம் கடைசியில் ஒரு மெல்லிய சட்டையாக மட்டுமே மிஞ்சும்!

கொல்கத்தாவின் புழுக்கம் பசைக்குப் பிடிக்கும், தெரியுமா?

குழாயை ஒட்டும் சூப்பர் குளூ, 1942-ல் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாகக் கையில் சிக்கியது. தொட்டதையெல்லாம் ஒட்டுகிறதே என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். கடைக்கு வந்தது 1958-ல்! அது இறுகுவதே காற்றின் ஈரத்தால்தான். வங்காளத்து மழைக்காலத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் வெள்ளை பூத்து மானத்தை வாங்கும்!

பேனாவின் மெருகும் பாட்டு ரிகார்டும் சொந்தக்காரர்கள் தெரியுமா?

பாண்டவர்களை எரிக்கக் கட்டினார்களே அரக்கு மாளிகை, அந்த அரக்குதான் பேனா மெருகு! புரசு, இலந்தை மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் பலராம்பூரும் ஜால்தாவும் அரக்குக்குப் பேர்போன ஊர்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு, சுழலும் பேனாமேல் அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே மெருகு ஏறும். பழைய கிராமபோன் தட்டுகளும் இதே அரக்கில் வார்த்தவைதான். அவற்றுக்கு இந்தியாவின் முதல் ஆலை 1908-ல் திறந்தது எங்கே? கொல்கத்தா சியால்தாவில்!

மைக்காக ஒரு முச்சந்தியே இருக்கிறது தெரியுமா?

காந்தியடிகளுக்குச் சுதேசி மை வேண்டியிருந்தது. அதற்காக 1934-ல் இன்றைய வங்கதேசத்து ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் சுலேகா மையைத் தொடங்கினார்கள். பிறகு கொல்கத்தாவுக்கு வந்தார்கள். ஜாதவ்பூரில் அந்த ஆலை அமைந்த இடம் இன்றும் 'சுலேகா மோர்'தான் (வங்காளியில் மோர் என்றால் சாலைச் சந்தி), பஸ் ஸ்டாப் பெயரே அது! எண்பதுகளின் இறுதியில் மூடிய கம்பெனி, 2020-ல் மறுபடி மைப் புட்டிகளோடு வந்தது. ஆனால் மையை நேராக மரத்துக்குள் ஊற்ற முடியாது, மரம் குடித்துவிடும்! அதனால்தான் ராஜமுந்திரியின் ரத்னம், நம் திருவள்ளூரின் ரங்கா போன்ற கைக்கடைசல் மைப் பேனாக்காரர்கள் மை ஊறாத எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் பேர் வாங்கினார்கள். நிப் தேடினால்? சேவுக்குப் பேர்போன நம் சாத்தூர், நிப்புக்கும் பேர்போனது!

பேனாவுக்கு ஆஸ்பத்திரி தெரியுமா?

கொல்கத்தா எஸ்பிளனேடு பக்கம் 1945-ல் தொடங்கிய கடையின் பெயரே 'பென் ஹாஸ்பிடல்'! நிப் வளைந்ததும் மை அடைத்ததும் அங்கே நோயாளிகள்.

உங்களுக்கும் கை பரபரக்கிறதா? புது லேத் வாங்க ஓடாதீர்கள். பக்கத்துக் கடைசல் பட்டறையில் ஒரு நாள் நின்று பாருங்கள், தச்சரிடம் கழிவுத் துண்டு கேட்டு வாங்குங்கள். உளியைத் தொடுமுன் கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள். ஈட்டி மரத்தூள் தோலையும் மூச்சையும் படுத்தும். துண்டு, துப்பட்டா, மோதிரம் எதுவும் லேத் பக்கம் போகவே கூடாது. முதல் பேனா கோணலாகத்தான் வரும். அதைக்கொண்டே யாருக்காவது ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்!