முதிய நாய்க்கும் ஒரு வீடு

காப்பகங்களுக்கு வருவோர் பெரும்பாலும் குட்டிகளையே நாடுகின்றனர். முதிய நாய் அங்கேயே தங்கிவிடுகிறது. அதன் கண்ணில் தோன்றும் நீலங்கலந்த மங்கலைக் குருடென்று பலர் அஞ்சுகின்றனர். வயது ஏறுங்கால் கண்வில்லை இறுகுவதால் உண்டாகும் இம்மாற்றம் பார்வையை அதிகம் கெடுப்பதில்லை; கண்புரை என்பது வேறு. இரண்டையும் கால்நடை மருத்துவர் பிரித்தறிவார்.

வளர்ந்த நாயின் உருவமும் சுபாவமும் முன்னரே தெரிந்தவை. ஏற்குமுன் பல், மூட்டு, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிப்பித்து, வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டதையும் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். வழுக்காத தரை, மெத்தென்ற படுக்கை, அளவான உணவு ஆகியவை அதன் முக்கியத் தேவைகளாம்.

காப்பகத்து முதிய நாய்களுட் பல, வளர்த்தோரால் கைவிடப்பட்டவை. தகுந்த காரணமின்றிப் பிராணியைப் பசியால் வருந்துமாறு கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இதனை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.