காட்டுக்கடியில் வட்டமும் சதுரமும்

பிரேசிலின் மேற்கு ஓரத்தில், பொலிவியாவை ஒட்டி இருக்கிறது ஆக்ரே மாநிலம். 1970-களில் மாட்டுப் பண்ணைகளுக்காக அங்கே அமேசான் காட்டை வெட்டித் தள்ளினார்கள். மரம் போன இடத்தில் பிரமாண்டமான வட்டங்களும் சதுரங்களும் கிடந்தன. 1977-இல் ஒந்தெமார் டயஸ் தலைமையிலான தொல்லியல் குழு சிலவற்றைப் பதிவு செய்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அது புல் மூடிய பள்ளம், அவ்வளவுதான். 1986-இல் விமானத்தில் போன ஆய்வாளர் அல்செயு ரான்சி கீழே பார்த்தபோதுதான் முழு வடிவமும் பிடிபட்டது. செயற்கைக்கோள் படங்கள் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை மளமளவென்று ஏறி, 450-ஐத் தாண்டிவிட்டது.

மேலிருந்து பார்த்தால் தெரிவதற்குக் காரணம் எளியது. காலை, மாலைச் சாய்வெயிலில் அரையடி மேடுகூட நிழல் விழுத்தும். தூர்ந்த பள்ளத்தில் ஈரம் தங்குவதால் கோடையிலும் அங்கே புல் பச்சையாக நிற்கும்.

வடிவம் சரி, எதற்காக வெட்டினார்கள்? இதைப் படம் சொல்லாது. இந்த வடிவங்களை உருவாக்கும் அகழிகள் சுமார் 11 மீட்டர் வரை அகலம், 4 மீட்டர் வரை ஆழம். அவை வளைத்திருக்கும் இடம் 100 முதல் 300 மீட்டர் குறுக்களவு. கோட்டையென்றால் தோண்டிய மண்ணை உட்பக்கம் கொட்டி, அதன்மேல் நின்று காவல் காப்பார்கள். இங்கே கரை வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே தோண்டினால் பானை ஓடுகளும் அதிகமில்லை. ஆகவே ஊரும் அல்ல, அரணும் அல்ல. அவ்வப்போது கூடிச் சடங்கு நடத்திய இடம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு.

இன்னொரு கேள்வி: அன்று காட்டை அழித்துத்தான் இவற்றைக் கட்டினார்களா? தொல்லியலாளர் ஜெனிஃபர் வாட்லிங்கின் குழு இரண்டு இடங்களில் குழி வெட்டி, மண்ணில் தங்கிய நுண்ணிய தாவரத் துகள்களையும் கரியையும் ஆராய்ந்து 2017-இல் விடை சொன்னது: 6,000 ஆண்டுகளாக அங்கே மூங்கில் காடுதான். பெரிய அளவில், நிரந்தரமாகக் காடழிப்பு நடக்கவில்லை. கட்டியவர்களே இந்த வட்டத்தை முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

இப்போது மரம் வெட்டாமலே பார்க்க வழி உண்டு. விமானத்திலிருந்து லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளை அனுப்புகிறது லைடார் கருவி. பெரும்பாலானவை இலையில் பட்டே திரும்பிவிடும். இடுக்கு வழியே தரையைத் தொட்டு வருபவற்றை மட்டும் கணினி பிரித்தெடுத்தால் மொட்டைத் தரை கிடைக்கும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அமேசானில் 5,315 சதுர கிலோமீட்டரை இப்படி அலசி 24 புதிய மண்வேலைகளைக் கண்டது. அதை வைத்து, இன்னும் 10,000-க்கு மேல் மறைந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. அலசிய பரப்போ மொத்தக் காட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே அந்த எண்ணை மதிப்பீடாக மட்டுமே எடுத்துக்கொள்வது நல்லது.

அதற்குள் வெட்டவெளியில் இருப்பவற்றுக்கு ஆபத்து வந்துவிட்டது. ஆக்ரே பண்ணையொன்றில் அகழியைத் தூர்த்து, சமன்செய்து பயிரிட்டது 2020-இல் அம்பலமானது. காட்டிக்கொடுத்ததும் செயற்கைக்கோள் படம்தான்.